மந்தை விதியை எழுதியவள்

காலிபா கோபக்காரி. இதை யாரும் அவளிடம் மறைத்துப் பேசுவதில்லை, அவளும் மறுப்பதில்லை. மலைச்சரிவுக் கண்காணிப்பு நிலையத்தில் அவளுக்கு 'சமோவார்', அதாவது தேநீர்க் கொதிகலன் என்று பட்டப்பெயர். காலை எட்டு மணிக்கே கொதிக்க ஆரம்பித்துவிடுவாள் என்று அர்த்தம். கம்பி அறுந்தால் கம்பி போட்டவனுக்குத் திட்டு. கரன்ட் போனால் அரசாங்கத்துக்குத் திட்டு. திட்ட யாருமே அகப்படாவிட்டால், ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்ட புருஷனைத் திட்டுவாள். அவன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது, திட்டு மட்டும் பழசாகவில்லை.

அவள் ஒன்றும் பிறக்கும்போதே இப்படி இல்லை. லாரி டிரைவர் மகள். அப்போது ஃப்ரூன்ஸே என்று பேர் இருந்த தலைநகரில் ரேடியோ பொறியியல் படித்தாள், வகுப்பில் ஐந்தே பெண்கள். படித்து முடித்து ரேடியோ பாகங்கள் செய்கிற ஆலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் சோவியத் தேசமே இல்லாமல் போயிற்று. ஆலைக்குப் பூட்டு. அதற்கப்புறம் பத்து வருஷம் சந்தையில் நின்று சீனாக்காரன் காலுறை விற்றாள், அதுவும் உறைகிற குளிரில். டிப்ளமோ வாங்கியவள் "ஒரு ஜோடி எடுத்தா ஒண்ணு இலவசம்" என்று கத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? நிலையத்தில் வேலை கிடைத்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது.

வேலை என்னவென்றால், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற துயுக்-பெல் என்ற ஊருக்கு மேலே உள்ள மலைச்சரிவில் மூன்று கருவிகளைப் புதைத்திருந்தார்கள். மண்ணின் அதிர்வைக் கேட்டு ரேடியோ வழியாக நிலையத்துக்கு அனுப்பும். ஊர்க்காரர்கள் அவற்றைக் 'காது' என்பார்கள். அந்தக் காதுகள் அனுப்புவதைப் பார்த்து, சரிவு நகர்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டியது காலிபா. சரிவுக்கு நேர் கீழே கீழத்தெரு, முப்பத்து நாலு வீடு. அதில் ஒன்று அவளுடைய அக்கா சேயிலின் வீடு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வசந்தத்திலேயே மானம் போயிற்று. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பதிவுக் காகிதம் முழுக்க முள்முள்ளாக அதிர்வு. சின்னச் சின்னத் துடிப்புகள், நூற்றுக்கணக்கில். மலை உடையப் போகிறது என்று காலிபா அலறினாள். கீழத்தெரு மொத்தத்தையும் கிளப்பி, மூன்று நாள் மழையில் கூடாரத்தில் உட்கார வைத்தார்கள். மலை அப்படியே நின்றது. அப்புறம்தான் தெரிந்தது: பனி உருகி, ஊர் மந்தை கோடை மேய்ச்சலுக்கு மலைமேல் ஏறிய நாள் அது. காதுகளுக்குப் பக்கத்திலேயே மந்தைப் பாதை. ஆயிரத்து இருநூறு ஆடு, எழுபது மாடு, நாற்பது குதிரை. அவள் கேட்டது குளம்புச் சத்தம்.

மாவட்டப் பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டார்கள். ஒரு ஆடு தொலைபேசியில் "ஹலோ, நிலநடுக்கம் பேசுறேன்" என்கிறது. நிலைய இயக்குநர் அப்திகபாருக்கு மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. சந்தையில் காலுறை விற்ற பழைய தோழிகள்கூட அவளைப் பார்த்து 'மே' என்றார்கள்.

காலிபாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒரு விதி எழுதினாள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் இருபது முதல் மே இருபது வரை, மந்தை ஏறும் காலத்தில், குறுகிய துடிப்புகள் அத்தனையையும் பதிவிலிருந்து வெட்டி எறிய வேண்டும். வெட்டிச் சுத்தம் செய்த பிரதியைத்தான் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே பக்கம், கீழே அவள் கையெழுத்து. அப்திகபார் படித்துவிட்டு, "இத முன்னாடியே எழுதியிருந்தா என் மானம் பொழச்சிருக்கும்" என்று சொல்லிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அதற்கு மந்தை விதி என்று பெயர் ஆயிற்று.

ஒன்பது வசந்தம் அவள் வெட்டினாள். வெட்டிய ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள். வெட்டாத அசல் பதிவுகள் கணினி வட்டுகளாக அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. நம் பக்கத்தில் மலை எப்போது சரியும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்: பனி உருகி மண் ஊறுகிற ஏப்ரல், மே. ஆக, எந்த மாதத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டுமோ அந்த மாதத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொள்ள ஒரு விதி. படித்தவர்கள் எட்டுப் பேர் இருந்த நிலையத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

பத்தாவது வருஷக் குளிர்காலத்தில் அவளை அல்மாட்டி நகருக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகப் பிடிக்காமல்தான் போனாள். அங்கே ரஷ்யாவின் நோவொசிபீர்ஸ்க்கிலிருந்து வந்த நெட்டையான ஒரு ஆசிரியர் சிற்றலை என்ற ஒன்றைப் பற்றிப் பாடம் எடுத்தார். அதுவரை அவர்கள் செய்துவந்தது பழைய முறை. ஒரு மணி நேரப் பதிவை எடுத்து, அதில் எந்தெந்த அதிர்வு எவ்வளவு இருக்கிறது என்று மொத்தமாகப் பிரிப்பது. அந்த முறை கையில் வைத்திருக்கிற அளவுகோல், தொடக்கமும் முடிவும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிற நீண்ட அலை. அதனால் என்ன இருக்கிறது என்று சொல்லும், எப்போது வந்தது என்று சொல்லாது. ஒரு மணி நேரத்தில் நூறு குளம்படியும் ஒரு பாறை விரிசலும் இருந்தால், இரண்டும் ஒரே குவியலில் கலந்துவிடும்.

சிற்றலை அப்படி இல்லை. சட்டென்று எழும்பி, இரண்டு மூன்று முறை ஆடி, அடங்கிப்போகிற ஒரு துண்டு அலை. அதை எடுத்துப் பதிவின் மேல் வைத்து, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை நகர்த்த வேண்டும். எங்கே பொருந்துகிறதோ அங்கே ஒரு கரும்புள்ளி. பிறகு அதையே கொஞ்சம் இழுத்து அகலமாக்கி மறுபடி நகர்த்த வேண்டும். மறுபடி இழு, மறுபடி நகர்த்து. கடைசியில் ஒரு படம் கிடைக்கும். படத்தின் அடியில் குறுகிய துடிப்புகள், மேலே போகப்போக அகலமானவை, இடமிருந்து வலம் நேரம். எது, எவ்வளவு அகலத்தில், எந்த நொடியில் என்று மூன்றும் ஒரே பார்வையில் தெரியும்.

காலிபா அன்று மதியம் சாப்பாட்டுக்குப் போகவில்லை. வகுப்பில் உட்கார்ந்தபடியே அவள் நினைத்தது ஒன்றுதான்: அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் அந்த வட்டுகள்.

ஊர் திரும்பியதும் போன வருஷத்து அசல் பதிவிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் படம் போட்டாள், முடிக்க ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. மந்தை தெளிவாகத் தெரிந்தது. அடியில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், ஓட்டத்துக்கு ஏற்ற சீரான இடைவெளியில், எல்லாம் புதன்கிழமைகளில். எங்கள் பக்கத்தில் மந்தை புதன்கிழமைதான் கிளம்பும், அது ராசியான நாள். ஆனால் படத்தில் வேறு சில கறைகளும் இருந்தன. மந்தையே இல்லாத வியாழன், சனிக்கிழமைகளில். அடியில் கூர்மையாகத் தொடங்கி, மேலே போகப்போக விரிந்து வால் விட்டன. ஒரு குளம்பும் அப்படி வால் விடாது. பாறை உள்ளே விரிந்தால் விடும். அதற்கு முந்தைய வருஷம் அந்தக் கறைகள் நாலு. போன வருஷம் பதினொன்று. இந்த வருஷம் ஏப்ரல் இருபது தாண்டி ஒரு வாரத்தில் பத்தொன்பது, வால்களும் முன்னைவிட அகலம். விரிசல் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

அத்தனையையும் அவள் கையாலேயே வெட்டி எறிந்திருக்கிறாள். காலிபா எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தன் விதியைப் பார்த்தாள். தன் கன்னத்தில் தானே பளார் என்று ஓர் அறை விட்டுக்கொண்டாள். பிறகு படங்களைச் சுருட்டிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். அது செவ்வாய்க்கிழமை.

அப்திகபார் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். இலையுதிர் காலத்தில் ஓய்வு பெறப் போகிறவர். படங்களைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தேநீரை உறிஞ்சினார்.

"கறை கறையா இருக்கு. இத நான் என்னன்னு புரிஞ்சுக்கிறது?"

"கபார் அண்ணே, சரிவு உள்ளுக்குள்ள பொளந்துகிட்டு வருது. கீழத்தெருவ காலி பண்ண உத்தரவு போடுங்க. உங்க கையெழுத்து ஒண்ணு போதும்."

"மந்தை விதி யாரு எழுதுனது?"

"நான்தான். தப்பா எழுதிட்டேன்."

"அன்னைக்கு மலை உடையுதுன்ன, அது தப்பு. அப்புறம் விதி எழுதுன, அதுவும் தப்புங்கிற. இப்ப மட்டும் சரின்னு நான் எப்படிம்மா நம்புறது? உங்க அக்கா வீடு அங்க இருக்கு, பயப்படுற, எனக்குப் புரியுது. ஊர்ல ஒத்தை மாடு திரியாதா? கட்டவுந்த குதிரை போகாதா?"

"மாடு போனா இப்படி வால் விடாது!"

"எனக்கு வாலும் தெரியாது தலையும் தெரியாது. ஒரு முழு நாள், ஒரு குளம்புகூட தரையில படாம ஊரக் கட்டிப்போட்டுக் காட்டு. அன்னைக்கும் உன் கறை வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போடுறேன்."

"நாளைக்கே காட்டுறேன்!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள் காலிபா.

நாளைக்குப் புதன்கிழமை. அவள் வாயிலிருந்து வார்த்தை வந்தபோது அது அவளுக்கு நினைவே இல்லை.

ரொட்டி வண்டியைப் பிடித்து மத்தியானம் துயுக்-பெல் போய்ச் சேர்ந்தாள். அக்கா வீட்டில் மந்தைக்குப் பொறுப்பாளர் சத்தார் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கிளம்புவதற்குக் கூடாரக் கம்பளிகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சத்தார் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"வைக்கோல் தீந்து பத்து நாளாச்சு. ஆடு வேலிக்குச்சியக் கடிக்குது. நாளைக்குக் கிளம்பலன்னா அடுத்த புதன் வரைக்கும் கிளம்ப மாட்டோம், தெரியுமில்ல? நீ இந்தப் பக்கத்துல பொறந்தவதானே?"

"ஒரு நாளு அண்ணே. வியாழக்கிழமை உத்தரவு வந்துரும். அப்புறம் மந்தை மட்டுமில்ல, கீழத்தெருவே கிளம்பும்."

அக்காவின் புருஷன் எர்கேஷ் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த மாவுருண்டையை மென்றுகொண்டிருந்தான். எந்நேரமும் கொழுந்தியாளைச் சீண்டாவிட்டால் அவனுக்குத் தின்றது செரிக்காது.

"போன தடவ ஆட்டப் பாத்து மலைன்னா. இந்தத் தடவ மலையப் பாத்து ஆடுன்னு சொல்லாம விட்டாளே, அதுவே பெரிய விஷயம்."

"மச்சான், வாய மூடு. கேளுங்க எல்லாரும். ஒரு வருஷத்துல எவ்வளவு மழை பேஞ்சுதுன்னு சொல்றது ஒண்ணு. புல்லறுத்துக் காயப்போட்ட அன்னைக்கு மழை பேஞ்சுதான்னு சொல்றது வேற. இத்தன வருஷம் நாங்க முதல் கணக்கப் போட்டுக்கிட்டு இருந்தோம். இப்பதான் ரெண்டாவத பாக்கத் தெரியுது. சின்ன அலை ஒண்ண ஒவ்வொரு நொடி மேலயும் வச்சுப் பாக்குறோம். உங்க குதிரை மிதிச்சது எந்த நொடி, பாறை விரிஞ்சது எந்த நொடின்னு தனித்தனியாத் தெரியுது."

"புல்லு கணக்கு புரியுது" என்றார் சத்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ஒரு நாளுதான். அதுக்கு மேல முடியாது."

புதன்கிழமை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் பட்டியில் அடைத்தார்கள், குதிரைகளுக்குக் கால்கட்டு, நாய்களுக்குக்கூடச் சங்கிலி. பசியில் ஆடுகள் நாள் முழுக்கக் கத்தின. வியாழன் காலையில் காலிபா படம் போட்டாள். குளம்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை, படத்தின் அடிப்பாகம் துடைத்து வைத்தது போல வெறுமை. அந்த வெறுமையில் ஏழு கறை. ஒவ்வொன்றும் வாலோடு.

அப்திகபார் முன்னால் விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்தார்.

"கட்டிப்போட்ட குதிரை உதைக்காதா?" என்றார்.

காலிபா படத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "வாக்குக் குடுத்தீங்க" என்றாள்.

"குடுத்தேன். ஆனா முப்பத்து நாலு வீட்ட காலி பண்றது விளையாட்டா? மேலிடத்தக் கேட்டுக்கிறேன். பதிவ அனுப்புறேன். அவங்க சொன்னா உடனே போடுறேன்."

அனுப்பினார். எதை அனுப்பினார்? விதிப்படி சுத்தம் செய்த பிரதியை. காலிபா செய்ய மறுத்ததால் பக்கத்து மேசைக்காரனை வைத்து வெட்டி, ஏழு கறையும் இல்லாத வெள்ளைப் பதிவை அனுப்பினார். வெள்ளிக்கிழமை அவர் ஒரு கல்யாணத்துக்குப் போனார். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள்கிழமை பதில் வந்தது: அனுப்பிய பதிவில் அசாதாரணமாக எதுவும் இல்லை, வெளியேற்ற ஆதாரம் இல்லை.

"வெட்டுனத அனுப்பிட்டு ஆதாரம் இல்லேன்னா எங்கேருந்துய்யா வரும் ஆதாரம்!" காலிபா போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. "உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்ல அதுலயும் விதி மாட்டியிருக்கீங்களா?"

"மரியாதையாப் பேசு, காலிபா."

"மரியாதை! மலை கிட்ட போய்க் கேளுங்க மரியாதைய!"

அன்று மத்தியானம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். சேயில் மெதுவாகப் பேசுகிறவள், திட்டத் தெரியாதவள்.

"காலிபா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. எல்லா வருஷமும் இந்நேரத்துக்கு நாங்க பாதித்தெரு மேல போயிருப்போம். புள்ளைங்க, கெழவங்க எல்லாம் கூடாரத்துல இருப்பாங்க. இந்த வருஷம் ஒருத்தர்கூட போகல. நீ நிறுத்துனியே, அதனாலதான் எல்லாரும் இங்கயே இருக்கோம்."

காலிபா தொலைபேசியை வைத்தாள். மலைக்குக் கீழிருந்து ஆட்களை நகர்த்தக் கிளம்பியவள், போயிருக்க வேண்டியவர்களையும் ஒரு வாரம் அங்கேயே பிடித்து வைத்திருக்கிறாள். கோபத்தில் சொன்ன ஒரே வார்த்தை, 'நாளைக்கே'. அப்திகபாரைத் திட்டினாள், மேலிடத்தைத் திட்டினாள், ஆனால் அந்த வார்த்தை அவளுடையது. முதல்முறையாகத் திட்டுவதற்கு வெளியே ஆள் தேட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலைப் படத்தில் கறைகள் இருபது நிமிஷத்துக்கு ஒன்றாக வந்தன. வால்கள் படத்தின் உச்சியைத் தொட்டன. காலிபா மேலங்கியை மாட்டினாள், யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். ஊருக்குள் இறங்கியதும் நேராக சத்தாரிடம் போனாள்.

"இப்பவே மந்தைய ஏத்துங்க. தெருவே கூடப் போகணும்."

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை!" சத்தார் பதறிப்போனார். "செவ்வாய்க்கிழமை எவனாவது கிளம்புவானா? நாளைக்குப் புதன். ஒரே ஒரு ராத்திரி. விடிஞ்சதும் முதல் ஆளா கிளம்புறோம்."

"நாளைக்கு வரைக்கும் அது நிக்கும்னு நீங்க எழுதித் தர்றீங்களா?"

"செவ்வாய்க்கிழமை கிளம்புன மந்தை வீடு திரும்பாதும்பாங்க..."

காலிபா அக்கா வீட்டுப் பட்டிக்குப் போய்க் கதவைத் திறந்தாள். செந்நிறப் பெட்டைக் குதிரை ஒன்று நின்றது, எப்போதும் மந்தைக்கு முன்னால் போவது. அதன் கால்கட்டை அவிழ்த்துப் பின்பக்கத்தில் ஓங்கி ஓர் அடி. குதிரை பாதையைப் பிடித்தது. பசியில் ஒரு வாரம் அடைந்து கிடந்த ஆடுகளுக்கு அவ்வளவு போதும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு பின்னால் பாய்ந்தன. அடுத்த வீட்டுப் பட்டி, அதற்கடுத்த வீட்டுப் பட்டி என்று திறந்துகொண்டே போனாள். பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒரு கிழவர் கைத்தடியை வீசினார், அது அவள் முதுகில் பட்டது.

"பைத்தியக்காரி! கட்டையில போறவளே!"

"திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. ஆனா நடந்துகிட்டே திட்டுங்க!" என்று அவள் கத்தினாள். "மந்தை போயிருச்சு, பின்னாடி ஓடுங்க. புள்ளைங்களத் தூக்குங்க!"

எங்கள் ஆட்களுக்கு வீடு போனாலும் பொறுக்கும், மந்தை கண் முன்னால் மேய்ப்பன் இல்லாமல் போனால் பொறுக்காது. ஒரு மணி நேரத்தில் கீழத்தெரு முழுக்கப் பாதையில் இருந்தது. கம்பளி, கொப்பரை, தொட்டில், எல்லாம் குதிரை முதுகில். படுக்கையில் கிடந்த ஒருவரை வண்டியில் ஏற்றினார்கள். சத்தார் கடைசியாக வந்தார். தலையில் அடித்துக்கொண்டே வந்தார், ஆனாலும் வந்தார்.

பாலம் வரை வந்த எர்கேஷ் அங்கே நின்றுவிட்டான்.

"நான் திரும்பிப் போறேன், கொழுந்தியா."

"எதுக்கு?"

"போன வருஷம் மேலாற்று ஊர்க்காரங்க உத்தரவு இல்லாம கிளம்புனாங்க. அப்புறம் வீடு போச்சு. 'நீங்களா காலி பண்ணிட்டீங்க'ன்னு எழுதி, புது மனை கிடையாதுன்னுட்டாங்க. தெருவுல ஒரு ஆளாவது இருக்கணும். கேட்டா, இந்தா காலி பண்ணல, நான் இருக்கேன்னு சொல்ல. முப்பத்து நாலு வீட்டுக்கும் சேத்து நான் உக்காந்துக்கிறேன்."

"மச்சான், மனையாவது மண்ணாங்கட்டியாவது! உசுரு போயிரும்!"

"உன் உத்தரவுப் பேப்பரு எப்ப வரும்?"

காலிபா நிலையம் இருந்த திசையைப் பார்த்தாள்.

"வந்ததும் சொல்லியனுப்பு. மறு நிமிஷம் மேல வந்துர்றேன். உங்க அக்காவ பாத்துக்க." சிரித்தான். "குளம்புச் சத்தம் கேட்டா பயப்படாத."

சேயில் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். காலிபா சட்டையைப் பிடித்து உலுக்கினாள், கெட்ட வார்த்தை சொன்னாள், கடைசியில் கெஞ்சினாள். கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை, சரியாக வரவில்லை. அவன் மேலங்கிக் காலரைச் சரிசெய்துகொண்டு திரும்பி நடந்தான்.

புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு மலை வந்தது. மேலே மேய்ச்சல் நிலத்தில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். முதலில் நாய்கள் எழுந்தன. பிறகு கால் வழியாக ஓர் உறுமல் ஏறியது, கொப்பரைத் தண்ணீர் ஆடியது. விளிம்புக்கு ஓடிப் பார்த்தபோது கீழே புழுதிதான் இருந்தது. புழுதி அடங்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அடங்கியபோது கீழத்தெரு இருந்த இடத்தில் ஈரச்செம்மண் மேடு, ஆறுகூட ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. சேயில் கத்தவில்லை. "எர்கேஷ்" என்று ஒருமுறை சாதாரணமாகக் கூப்பிட்டாள், பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

வெளியேற்ற உத்தரவு அன்று மாலையே வந்தது. அப்திகபார் கையெழுத்து. பேனா மூடியைத் திறந்து மூடுகிற நேரம்தான் அதற்குப் பிடித்திருக்கும். ஒன்பது நாளாக அவர் கண்டுபிடிக்க முடியாத நேரம்.

பத்து நாள் கழித்துத் தலைநகரிலிருந்து விசாரணைக் குழு வந்தது. நிலையத்தின் பெரிய அறையில் மூன்று அதிகாரிகளும் ஒரு எழுத்தரும் உட்கார்ந்தார்கள். அப்திகபார் வெட்டிய பிரதியை விரித்து வைத்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இயற்கை எந்த அறிகுறியும் குடுக்கல. பதிவுல பாருங்க, சுத்தமா இருக்கு."

காலிபா எழுந்தாள். அசல் வட்டிலிருந்து எடுத்த படங்களை அந்த வெள்ளைக் காகிதத்தின் மேலேயே போட்டாள். கறைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினாள். இது இரண்டு வருஷத்துக்கு முன்னால், இது போன வருஷம், இது கட்டிப்போட்ட புதன்கிழமை, இது கடைசிச் செவ்வாய் மத்தியானத்திலிருந்து புதன் ஏழு பத்து வரை. கடைசிப் படத்தில் கறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கறுப்பாக இருந்தது.

தலைமை அதிகாரி அப்திகபாரைப் பார்த்தார். "இது என்ன?"

அப்திகபார் சுவரைப் பார்த்தபடி, பழக்க தோஷத்தில் சொன்னார்: "அது... மந்தைச் சத்தம்."

"மந்தையா?" காலிபாவின் குரல் உயரவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. "செவ்வாய் மத்தியானமே மந்தை பூரா மேல வந்துருச்சு, அண்ணே. நான்தான் ஓட்டிக்கிட்டுப் போனேன். ஆடு, மாடு, குதிரை, நாய் எல்லாம் என்கூட இருந்துச்சு. கீழ இருந்தது ஒரே ஒரு உசுரு. எங்க அக்கா புருஷன். அவருக்கு ரெண்டு காலுதான்."

அப்திகபார் எழுந்து, சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"நான் விதிப்படிதான் நடந்தேன். இந்த விதிய எழுதுனது யாருன்னு கேளுங்க. கீழ கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

தலைமை அதிகாரி பார்த்தார். "காலிபா, இது உங்க கையெழுத்தா?"

"என்னோடதுதான். கேலிக்குப் பயந்து, ஆத்திரத்துல எழுதுனேன். ஒம்போது வருஷம் நானே வெட்டுனேன். ஒரு புதன்கிழமை மந்தைய நிறுத்துனதும் நான்தான்." எழுத்தரின் பக்கம் திரும்பினாள். "எழுதுங்கய்யா. முதல்ல என் பேர எழுதுங்க. என்னென்ன செஞ்சேன்னு ஒண்ணு விடாம எழுதுங்க. அதுக்குக் கீழ இவரு பேர எழுதுங்க. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் கையெழுத்துப் போடாம ஒம்போது நாள் உக்காந்திருந்தாருன்னு எழுதுங்க."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மெல்லத் தலையை அசைத்தார். பேனா நகர ஆரம்பித்தது. அவர் இரண்டு பேரையும் எழுதி முடிக்கும்வரை காலிபா உட்காரவில்லை.